கவரைப்பேட்டை ஸ்டாப்பில் இரண்டு பேர்

12 அக்டோபர் 2025, ஞாயிறு
கவரைப்பேட்டை

கல்பனா அக்காவுக்கு,

மன்னிக்க வேண்டும். உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து நான்கு வாரம் ஆகிறது. நாளை எண்ணவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஏற்கெனவே சொன்ன ஒரு பொய் போதும்.

டிரைவர் தேசப்பன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி பஸ்ஸைத் தன் வீட்டுப் பக்கத்தில் நிறுத்திக் கழுவுவார் அல்லவா? அங்கே போய் இந்தக் கவரைக் கொடுக்கப் போகிறேன். முன்கூட்டியே கேட்டேன். "இன்னா பாப்பா, லவ் லெட்டரா? கல்பனாவுக்கா? அப்ப சரி, குடு. அது என்னத் திட்டும், அவ்ளோதான்" என்றார்.

எனக்கு ஜுரம் வரவே இல்லை அக்கா. ஆகஸ்ட் 31 மாலை நாலு மணிக்குத் திருவள்ளூரிலிருந்து போன் வந்தது. கோடிங் பூட்கேம்பில் ஒரு இடம் காலி, மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் வந்தால் உனக்கு, இல்லாவிட்டால் அடுத்த பெயருக்கு என்றார்கள். பரீட்சை எழுதியதையே நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலையே கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து உங்களுக்கு 'ஜுரம்' என்று மெசேஜ் அனுப்பினேன். இரண்டு வாரம் அதையே அனுப்பினேன். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், தோற்றுத் திரும்பினால் உங்கள் வயர் செக்கிங் மேஜைக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று பயம்.

ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன், ஞாயிறு மட்டும் ஊருக்கு வருவேன். பதினாறு வாரத்தில் வெப்சைட் கட்டக் கற்றுத் தருகிறார்கள். நாங்கள் நாற்பது பேர். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை லேப்டாப்தான். எனக்குக் கோடிங் எழுத வருகிறது, சந்தேகம் கேட்க வரவில்லை. பாடம் எடுக்கிற ஜெரால்ட் சார் போன வாரம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "துர்கா, கையத் தூக்கணும்னா ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்து வேணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கையைத் தூக்காமலே.

டிசம்பர் 19 டெமோ நாள். அன்று வேலை கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் தானே கட்டிய ஒன்றை மேடையில் காட்டிப் பேச வேண்டும். அன்று யாரும் எடுக்காவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை. நம் கம்பெனியில் பெயரை அடித்துவிட்டார்கள். வீட்டில் அப்பா பொங்கல் வரை பார்ப்பார், அதற்குப் பிறகு பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான்.

உங்களிடம் எதுவும் கேட்க எழுதவில்லை. உண்மையைச் சொல்லத்தான்.

துர்காதேவி


16 அக்டோபர்
பொன்னேரி

துர்கா,

அண்ணன் கவரைக் கொடுத்தார். கிழித்துப் போடலாம் என்று இருந்தேன். எழுத்து அழகாக இருந்ததால் படித்தேன்.

நீ போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. டிகிரி படித்த பெண் வயர் கட்டிக்கொண்டே கிடக்க வேண்டும் என்று நான் ஏன் நினைக்கப் போகிறேன்? மேனேஜர் வெங்கடேசன் சார் என்னைக் கூப்பிட்டு, போனில் உங்கள் வகுப்பு போட்டோவைக் காட்டி, "உன் ஃப்ரெண்டு ஜுரத்துல லேப்டாப் வெச்சிக்கினு போட்டோவுக்கு நிக்குதே, இன்னாம்மா இது?" என்று கேட்டதைக்கூட விட்டுவிடுகிறேன். உனக்காக இரண்டு வாரம் லீவு கேட்டவள் நான்.

நீ ஆறு மணிக்கு மெசேஜ் அனுப்பினாய். உன் ஸ்டாப்பில் பஸ் எத்தனை மணிக்கு? ஐந்து ஐந்து. நாலே முக்காலுக்கே உன்னோடு ஏறும் ஜோதிலட்சுமி வந்து நின்றுவிட்டாள், நீ வருவாய் என்று. அன்றைக்குப் பார்த்துத் தச்சூர் கூட்ரோடில் லாரி கவிழ்ந்து வண்டி முக்கால் மணி நேரம் லேட். அந்த இருட்டில் சர்வீஸ் ரோட்டில் அவள் தனியாக நின்றாள். பைக்கில் இரண்டு பேர் மூன்று தரம் சுற்றி வந்து பெயர் கேட்டிருக்கிறார்கள். மூடிக் கிடந்த பஞ்சர் கடை ஷட்டருக்கும் தண்ணி டிரம்முக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கம்பெனி கேட் வரை என் கையை விடவில்லை.

அவள் மாமியார் சம்பூர்ணம் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "எம் மருமவள ரோட்ல நிக்க வெச்சிட்டு நீங்கெல்லாம் இன்னாத்த பார்த்துக்கினு இருந்தீங்க?" என்றார்.

இரண்டு பேர் இல்லாமல் யாரையும் எந்த ஸ்டாப்பிலும் நான் நிற்க விட்டதில்லை. உங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக் கொடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இரண்டு வருஷத்தில் நீ ஒரு நாளாவது தனியாக நின்றிருக்கிறாயா? யோசித்துப் பார். ஞாயிறு மாலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு ஆளை மாற்றியிருப்பேன். நீ எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

கல்பனா


19 அக்டோபர்
கவரைப்பேட்டை

அக்கா,

உங்கள் கடிதத்தைப் பஸ் பக்கத்திலேயே நின்று படித்தேன். தேசப்பன் அண்ணன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "உட்காரு பாப்பா" என்றார்.

ஒரு நாள்கூடத் தனியாக நின்றதில்லை. நான் அதைத் தற்செயல் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஷிப்ட் மாறினால் ஜோதியக்காவுக்கும் மாறும். அவர் ஊருக்குப் போன வாரம் எனக்கு இரண்டாம் ஷிப்ட் வந்தது, அதில் நம் ஸ்டாப்பில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். நீங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு அப்படிச் செய்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

மன்னிப்புக் கேட்டால் ஜோதியக்காவுக்கு வேலை திரும்ப வராது. அதனால் வேறொன்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். டெமோவுக்கு என்ன கட்டப் போகிறாய் என்று ஜெரால்ட் சார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் பக்கத்தில் உட்காரும் விமல் சினிமா டிக்கெட் வாங்கும் வெப் பக்கம் கட்டுகிறான். இன்னும் ஆறு பேர் சாப்பாடு ஆர்டர் செய்யும் பக்கம். எனக்கு இவ்வளவு நாள் எதுவும் தோன்றவில்லை.

நீங்கள் தலைக்குள் செய்கிற வேலையை ஒரு வெப்சைட் செய்தால் என்ன? யாருக்கு யாரோடு ஷிப்ட் மாற்றலாம், மாற்றினால் எந்த ஸ்டாப்பில் யார் தனியாவார்கள் என்று போனிலேயே காட்டும். யாராவது கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் உடனே மற்றவருக்குச் சொல்லும்.

இதற்கு உங்கள் விதிகள் எனக்கு வேண்டும். நீங்கள் தராவிட்டால் புரிந்துகொள்வேன். நாளை தீபாவளி. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் வாழ்த்து.

துர்கா


25 அக்டோபர்
பொன்னேரி

துர்கா,

ஆறு பேர் சாப்பாட்டுக் கடை வைக்கிறார்களா? நல்லது, ஒருத்தர் கடையில் ஒருத்தர் சாப்பிடலாம்.

என் லாக்கர் கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருப்பேன், அதைத்தான் நீ 'அக்காவின் கோலம்' என்று கிண்டல் செய்வாய். அதைப் படம் எடுக்க முடியாது, போனைக் கேட்டிலேயே வாங்கிவிடுகிறார்கள். கழற்றி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். திருப்பித் தர வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் முதல் ஷிப்டுக்கு வர முடியும். வட்டம் இருந்தால் வீட்டில் கைக்குழந்தை. கோடு இழுத்திருப்பது ஒரே ஸ்டாப். நேருக்கு நேர் மாற்றிக் கொடுத்தால் பாதி நாள் நடக்காது. இவள் இடத்துக்கு அவள், அவள் இடத்துக்கு இன்னொருத்தி, அவள் இடத்துக்கு இவள் என்று மூன்று பேராகச் சுற்றினால் நடக்கும்.

ஒன்று கவனம். எந்த ஸ்டாப்பில் எந்த நேரத்தில் எந்தப் பெண் நிற்கிறாள் என்று நீ பாட்டுக்குப் போனில் போட்டு, அதை எவனாவது பார்த்தால்? அதைவிட என் அட்டையே மேல். அவரவர் ஸ்டாப் அவரவருக்கு மட்டும் தெரிய வேண்டும். பெயர் வேண்டாம், எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். இதற்கு வழி இருந்தால் செய், இல்லாவிட்டால் அட்டையைத் திருப்பி அனுப்பு.

நானும் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப்தான். பழவேற்காடு பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்தேன். மூன்று கம்ப்யூட்டர், நாற்பத்தெட்டுப் பேர். அதனால் உன் வேலை எனக்கு முழுக்கப் புரியாது என்று நினைத்து ஏமாற்றாதே.

ஜோதியின் பெயரை வெங்கடேசன் சார் இன்னும் அடிக்கவில்லை. சம்பூர்ணம் அம்மா ஒப்புக்கொண்டு ஜோதியை அனுப்பினால்தான் நீ கட்டியது வேலை செய்கிறது என்று நான் நம்புவேன். டெமோவில் கைதட்டுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கல்பனா


16 நவம்பர்
கவரைப்பேட்டை

அக்கா,

மூன்று வாரமாக எழுதவில்லை. எழுதினால் வெப் பக்கத்தைக் கட்டி முடித்த பிறகுதான் என்று இருந்தேன்.

உங்கள் அட்டையை ஜெரால்ட் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இத எழுதினவங்க எந்த இன்ஸ்டிட்யூட்?" என்றார். செக்கிங் மேஜை என்றேன். இரண்டு நாள் அதைப் பெயர்களை மறைத்துப் போர்டில் மாட்டி வைத்து, மூன்று பேர் சுற்றி மாற்றுவதை எப்படிக் கோடிங்காக எழுதுவது என்று வகுப்புக்கே பாடம் எடுத்தார். பத்திரமாக இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

விமல்தான் வாயை மூடவில்லை. "பஸ் ஸ்டாப்ல யார் நிக்கறாங்கன்னு ஒரு ஆப்பா? கம்பெனிக்காரன் எதிர்ல இத எடுத்துக்கினு போனா, கண்டக்டர் வேலதான் குடுப்பான்!" மறுநாள் அவனுடைய டிக்கெட் பக்கத்தில் ஒரே சீட்டை இரண்டு தரம் வாங்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேட்கிறான்.

நீங்கள் சொன்னபடி பெயர் வராது. கம்பெனி அடையாள அட்டை எண்ணும் ஒரு ரகசிய எண்ணும் போட்டால் தன் ஸ்டாப் மட்டும் தெரியும். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு 'நாளை உங்கள் ஸ்டாப்பில் 2 பேர்' என்று பச்சையில் வரும். ஒருவர்தான் என்றால் சிவப்பு.

இன்று சாயங்காலம் சம்பூர்ணம் அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தார். அங்கேயே நின்று போனைக் காட்டினேன். பக்கத்து ஆரணியிலிருந்து வரும் பூமிகா இந்த வாரம் முதல் ஷிப்டுக்கு மாறி நம் கவரைப்பேட்டை ஸ்டாப்பில் ஏறுகிறாள். அதனால் பச்சை, இரண்டு பேர். அந்தம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு நாளு அனுப்பறேன். ஒரே நாளு" என்றார்.

நாளை திங்கட்கிழமை ஜோதியக்கா வருகிறார். என் வெப் பக்கம் முதன்முதலாகப் போட்டுக் கொடுத்த ஷிப்ட். போனைப் பத்துத் தரம் எடுத்துப் பார்த்துவிட்டேன், பச்சைதான்.

துர்கா


18 நவம்பர்
பொன்னேரி

துர்கா,

ஞாயிறு வரை காத்திருக்க முடியாமல் தபாலில் போடுகிறேன்.

நேற்றுக் காலை ஐந்து ஐந்துக்கு வண்டி கவரைப்பேட்டை வந்தபோது ஸ்டாப்பில் ஜோதி ஒருத்திதான் நின்றாள். துப்பட்டாவைத் தலையோடு இழுத்துக்கொண்டு, அதே பஞ்சர் கடை ஷட்டரில் சாய்ந்துகொண்டு. வண்டி நின்ற பிறகுதான் பூமிகாவின் அண்ணன் சசிகுமார் பைக்கில் சர்ரென்று வந்து அவளை இறக்கிவிட்டான். எந்த ஷிப்ட் என்றாலும் அவன் அப்படித்தான் வருவான். வண்டி லைட்டு பாலத்தில் தெரிந்தால்தான் கியரே போடுவான்.

உன் பச்சையில் இரண்டு பேர். ரோட்டில் ஒருத்தி. இருபது நிமிஷம்.

ஏறுகிறவர்களை எண்ணியிருக்கிறாய். நிற்கிறவர்களை எண்ண வேண்டும். பூமிகாவை நான் ஒரு நாளும் துணைக் கணக்கில் சேர்த்ததில்லை. அட்டையில் அவள் பெயருக்குக் கோடு இழுத்திருக்க மாட்டேன், பார்த்தாயா? பார்த்துவிட்டு, அக்கா மறந்துவிட்டாள் என்று நீயே இழுத்துக்கொண்டாயா?

சம்பூர்ணம் அம்மா மகனோடு எதிர்ப்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நல்லவேளை, ஜோதி உண்மையில் தனியாக இல்லை. ஆனால் அது உன்னால் இல்லை. "ஒரு நாளு கேட்டீங்க, ஆச்சு" என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அட்டையை விட்டுப் போனை நம்பச் சொன்னது நான்தானே.

கல்பனா


23 நவம்பர்
கவரைப்பேட்டை

அக்கா,

ஆமாம். நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து நானே கோடு இழுத்தேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியாததுதான் என் வியாதி, அது பொய்யைவிட மோசம் என்று இப்போது தெரிகிறது.

உங்கள் கடிதம் ஹாஸ்டலுக்கு வியாழன்தான் வந்தது. அன்று வகுப்பில் கையைத் தூக்கினேன். நாற்பது பேர் முன்னால், நான் கட்டியது தப்பு, ஒரு அக்கா இருபது நிமிஷம் தனியாக நின்றார் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஜெரால்ட் சார் ஒன்றே ஒன்று கேட்டார்: "எல்லா ஷிப்டும் சேத்து அந்த பஸ்ல ஏறுற மீதி ஐம்பத்திரண்டு பேர் ஸ்டாப்புக்கு எப்படி வர்றாங்கன்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்ப எதுக்கு இங்க உட்கார்ந்திருக்க?"

வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு கேட்டு வீடு வீடாகப் போனேன். பொன்னேரி, தச்சூர், பெருவாயல், கவரைப்பேட்டை. நடந்து வருகிறீர்களா, யாராவது விடுகிறார்களா, எத்தனை மணிக்கு ஸ்டாப்பில் இருப்பீர்கள்? கதவைத் தட்டி ஐம்பத்திரண்டு பேரிடம் பேசினேன் அக்கா. நான்! ஒரு வீட்டில் காலை நாஷ்டா கொடுத்தே அனுப்பினார்கள். பைக்கில் கடைசி நிமிஷம் வருகிறவர்கள் பூமிகாவோடு சேர்த்து ஒன்பது பேர். அவர்களை என் வெப் பக்கம் இனித் துணையாக எண்ணாது. ஒருவர் மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கும்படி வந்தால் ஷிப்ட் மாற்றத்தையே ஒப்புக்கொள்ளாது.

அது மட்டும் போதாது. எதற்கு அவ்வளவு முன்னால் வந்து நிற்க வேண்டும்? வண்டி எங்கே வருகிறது என்று தெரியாததால்தானே. தேசப்பன் அண்ணன் ஒவ்வொரு ஸ்டாப்பிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் ஒரு பட்டனை அழுத்தினால், அடுத்த ஸ்டாப்காரர்களுக்கு வீட்டிலேயே தெரியும். வண்டி ஓட்டும்போது அல்ல, நின்றிருக்கும்போது மட்டும். கேட்டேன். "எனக்கு ஹாரனத் தவிர வேற பட்டன் தெரியாது பாப்பா" என்றார். பதினைந்து தரம் சொல்லிக் கொடுத்த பிறகு, அவர் மனைவி குப்பையைக் கொட்ட வெளியே வந்தபோதுகூட ஒரு தரம் அழுத்திக் காட்டினார்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் தப்பு கண்டுபிடியுங்கள். எத்தனை இருந்தாலும் எழுதுங்கள். நீங்கள் சரி என்று சொல்லும்வரை ஜோதியக்கா வீட்டுக்கு நான் போக மாட்டேன்.

துர்கா


12 டிசம்பர்
பொன்னேரி

துர்கா,

பதினொன்று கண்டுபிடித்து எழுதினேன், பதினொன்றையும் சரி செய்துவிட்டாய். பன்னிரண்டாவதாக ஒன்று கிடைக்காதா என்று ஒரு வாரம் தேடினேன். மழை நாள், கார்த்திகை தீபம், லோகல் டிரெயின் நின்ற நாள், இரண்டு பேருக்கு ஒரே நாளில் உடம்பு சரியில்லாத நாள். எல்லாம் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

சம்பூர்ணம் அம்மாவிடம் நானே போனேன். அந்தம்மா நம்பவில்லை. ஐந்து நாள் மருமகளை அனுப்பாமல், போனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மகனோடு காலையில் ரோட்டுக்கு வந்து நின்று, சொன்ன நேரத்துக்கு வண்டி வருகிறதா, சொன்ன ஆட்கள் நிற்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தார். உன் ஜெரால்ட் சார்கூட இப்படிப் பரீட்சை வைத்திருக்க மாட்டார். ஆறாம் நாள் ஜோதி யூனிபார்மோடு வந்து நின்றாள். பஸ்ஸே கத்தியது. தேசப்பன் அண்ணன் ஹாரனை விடவே இல்லை.

இப்போது சாயங்காலம் ஆறு மணியானால் அந்தம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பச்ச வந்துருச்சா பாருடி!" என்கிறாராம். நேற்று என்னிடம், "எங்கூட்டுக்காரர் மில்லுக்குப் போறாரே, அவுருக்கும் இது மாதிரி வருமா?" என்று கேட்டார்.

வெங்கடேசன் சார் மற்ற மூன்று வண்டிக்கும் கேட்கிறார். பெண்கள் லேட்டாக வருவதைக் கணக்கெடுக்க அதைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் முகத்தைச் சுளித்தார். இன்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒன்றுதான் பேஜாராக இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் 'அக்கா எனக்கு மாத்திக் குடு' என்று நிற்பார்கள். இந்த வாரம் யாரும் வரவில்லை. முழு அரை மணி நேரம் நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். பதினோரு வருஷத்தில் முதல் தரம். குழம்பில் உப்பு குறைவு என்று அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மேடையில் பயந்தால், என்னைப் போல யாராவது உன்னைத் திட்ட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள். எனக்கு நீ நன்றாகவே பதில் சொல்கிறாய்.

அக்கா


21 டிசம்பர், ஞாயிறு
கவரைப்பேட்டை

அக்கா,

வேலை கிடைத்துவிட்டது.

இதை முதல் வரியில் எழுதக் கூடாது, நடுவில் எங்காவது சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். முடியவில்லை.

அன்று மேடை ஏறியவர்களில் நான் பதினேழாவது ஆள். இங்கிலீஷில் இரண்டு பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். மேடையில் ஏறி, 'குட் மார்னிங்' என்று சொன்னேன். அடுத்த வரி மறந்துபோய் மறுபடியும் 'குட் மார்னிங்' என்றேன். முன்வரிசையில் ஒன்பது கம்பெனிக்காரர்கள். ஒருவர் வாட்சைப் பார்த்தார். ஜெரால்ட் சார் பின்னாலிருந்து, "தமிழ்லயே சொல்லும்மா. அந்தப் பொண்ணு தனியா நின்னத சொல்லு" என்றார்.

நான் கட்டியதை எப்படிக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேனோ அதை விட்டுவிட்டேன். தப்பிலிருந்து ஆரம்பித்தேன். ஆகஸ்ட் 31 மாலை நான் சொல்லாமல் போனதை, ஜோதியக்கா ஷட்டருக்கும் டிரம்முக்கும் நடுவில் உட்கார்ந்ததை, அதற்காக நான் கட்டிய பக்கமே மறுபடி அவரைத் தனியாக நிறுத்தியதை. ஏறுகிறவர்களை எண்ணுவதற்கும் நிற்கிறவர்களை எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னபோது வாட்சைப் பார்த்தவர் பேனாவை எடுத்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தபோது பயம் போய்விட்டது.

பிறகு கேள்விகள். அதை உடைத்துப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை போலிருக்கிறது. பட்டனை அழுத்த டிரைவர் மறந்தால்? போனில் சார்ஜ் இல்லாவிட்டால்? ஒருத்தி ரகசிய எண்ணை இன்னொருத்திக்குக் கொடுத்தால்? எல்லாம் நீங்கள் ஏற்கெனவே கேட்டவை. பதினொன்றில் ஏழு அங்கேயே வந்துவிட்டது. நான் பதில் சொல்லச் சொல்ல விமல் பின்வரிசையில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கும் வேலை கிடைத்தது. இறங்கி வந்ததும், "டிக்கெட் எடுத்துக்கினுதான் உன் பஸ்ல ஏறணும் போல" என்றான்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, அம்பத்தூரில் சின்னக் கம்பெனி நடத்துகிறவர், கடைசியாகக் கேட்டார்: "இவ்ளோ தப்பையும் உனக்குக் கண்டுபிடிச்சுக் குடுத்தது யாரு?" கல்பனா அக்கா என்றேன். "அவங்க எங்க டெவலப்பரா இருக்காங்க?" என்றார். கும்மிடிப்பூண்டியில் வயர் செக்கிங் என்றேன். அந்த அம்மா தாளில் ஏதோ எழுதி, அடியில் கோடு போட்டார்.

ஜனவரி 5-ஆம் தேதி அவருடைய கம்பெனியில் சேர்கிறேன், ஜூனியர் வெப் டெவலப்பராக. அப்பாவிடம் சொன்னபோது வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் சரி, யாராவது கேட்டா எம் பொண்ணு இன்னா வேல செய்யுதுன்னு நான் சொல்றது?" என்றார். தப்பைக் கண்டுபிடித்துச் சரி செய்கிற வேலை என்றேன். "அதுக்கு சம்பளம் வேற குடுக்கறானா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மணி ரெட்டியார் காதில் விழும்படி அம்மாவைக் கூப்பிட்டு முழுவதையும் மறுபடி சொல்லச் சொன்னார். பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜோதியக்கா வீட்டுக்கும் போனேன். சம்பூர்ணம் அம்மா இந்தத் தடவை வாசலில் நிற்க வைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, போனில் எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொன்னார்.

இவ்வளவு எழுதியும் எழுத நினைத்ததை இன்னும் எழுதவில்லை. இரண்டு தரம் இந்தத் தாளை மடித்துவிட்டுப் பிரித்தேன். கேட்டுவிடுகிறேன்.

அடுத்த பேட்ச் பிப்ரவரியில் தொடங்குகிறது. டிகிரி வேண்டாம், பிளஸ் டூ போதும். வயது முப்பத்தைந்து வரை. தங்க இடமும் சாப்பாடும் அவர்களே. நுழைவுத் தேர்வு டிசம்பர் 28, ஞாயிறு, காலை பத்து மணி. உங்கள் பெயரை நான் எழுதிக் கொடுக்கவில்லை. உங்களைக் கேட்காமல் இனி எதையும் செய்வதில்லை. ஜெரால்ட் சார் வெள்ளிக்கிழமை வரை ஒரு இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்றிருக்கிறார்.

நீங்கள் போனால் மற்றவர்களுக்கு யார் என்று கேட்பீர்கள். பிப்ரவரி முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டேன், நீங்கள் இல்லாமல். எந்த ஷிப்டிலும் குறைந்தது பொன்னேரியில் நாலு பேர், தச்சூரில் மூன்று, பெருவாயலில் இரண்டு, கவரைப்பேட்டையில் மூன்று. ஒரு நாள்கூடச் சிவப்பு வரவில்லை. பதினோரு வருஷம் எல்லோருக்கும் துணை பார்த்துவிட்டீர்கள். எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள்.

ஞாயிறு காலை ஆறேகாலுக்குக் கவரைப்பேட்டையிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பஸ் இருக்கிறது. நீங்கள் வருவதற்கு முன்பே, ஐந்தரைக்கே நான் ஸ்டாப்பில் வந்து நிற்பேன். வந்து பரீட்சை எழுதுங்கள் அக்கா.

துர்கா